புள்ளிக்குப் பின்னால் தமிழ்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் அச்சரப்பாக்கத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் மலருக்காக எழுதித் தந்தது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "இணையத்தில் தமிழ்". அது பெரிய கடல். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் முடித்தாக வேண்டும் என்பதால் ஒரு சொம்புத் தண்ணீரை மட்டும் மொண்டு கொள்கிறேன். நம் செயற்குழுவில் ஓர் அண்ணன் என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, டாட் காம், டாட் இன்னு இருக்கற மாதிரி டாட் தமிழ்னு ஒண்ணு வாங்கிப் போட்டுட முடியாதா? எவ்வளவு ஆகும்?" மனை விலை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். விலையைச் சொல்லிவிட்டேன். கேட்டதும் அவர் முகம் மாறியது. ஆனால் விலையை விடப் பெரிய சங்கதிகள் அதற்குள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் இந்தப் புள்ளி விவகாரம் என்ன என்று பார்த்து விடுவோம். கணிப்பொறித் துறை மாணவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள், தமிழ்த் துறைக்காரர்களும் வணிகவியல்காரர்களும் இருக்கிறார்கள். நாம் கடித உறையில் முதலில் பெயர், பிறகு தெரு, பிறகு ஊர், கடைசியில் பின்கோடு என்று எழுதுகிறோம். தபால் பிரிக்கிறவர் கீழேயிருந்து மேலே போகிறார். பின்கோடு, ஊர், தெரு, கடைசியில்தான் ஆள். இணைய முகவரியையும் கணிப்பொறி அப்படித்தான் வலக்கோடியிலிருந்து படிக்கிறது. வலக்கோடியில் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சொல்லுக்குத்தான் மேல்நிலை டொமைன் என்று பெயர். உலகம் முழுமைக்கும் அதற்கு ஒரே ஒரு பட்டியல். வேர்ப் பட்டியல் என்பார்கள். கோடிக்கணக்கான வலைத்தளங்கள் இருந்தாலும், இந்த வேர்ப் பட்டியலில் இருக்கும் பெயர்கள் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்தான். 1985இல் 'காம்' வந்தது. நம்முடைய 'இன்' 1989இல், இலங்கையின் 'எல்கே' 1990இல். 1998 முதல் இந்தப் பட்டியலைக் கவனித்துக் கொள்வது அமெரிக்காவில் கலிபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஐகேன்' என்ற லாப நோக்கில்லாத அமைப்பு.

இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். சொத்து வாங்குகிறவர் ஒருவர். அவருக்குப் பத்திரம் எழுதித் தருகிறவர் ஒருவர். பதிவேட்டை வைத்துக் கொண்டிருக்கும் சார்பதிவாளர் அலுவலகம் மூன்றாவது. நீங்கள் வருடத்துக்கு எழுநூறோ எண்ணூறோ கட்டி ஒரு பெயர் எடுக்கிறீர்களே, அப்போது நீங்கள் பார்ப்பது பத்திர எழுத்தரை மட்டும்தான். பின்னால் பதிவேடு வைத்திருப்பவர் கண்ணில் படுவதில்லை. அண்ணன் கேட்ட 'டாட் தமிழ்' என்பது ஒரு மனை வாங்குகிற வேலை கிடையாது, சார்பதிவாளர் அலுவலகத்தையே நாம் திறக்கிற வேலை. ராத்திரி இரண்டு மணிக்கும் பொங்கல் அன்றைக்கும் திறந்திருக்க வேண்டிய அலுவலகம் அது.

தமிழ் அந்தப் பட்டியலில் ஏறிய கதையைச் சொல்ல வேண்டும். 1983இல் இந்தப் பெயர் முறையை வடிவமைத்தபோது நடைமுறையில் இடம் இருந்தது ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் பத்து எண்களுக்கும் ஒரு சிறு கோட்டுக்கும் மட்டும்தான். மற்ற மொழிக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் திணித்துக் கொள்ள வேண்டியதுதான். அதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறவர்கள் நம் ஊர்ப் பெயரையே எழுதிப் பார்க்கலாம். 'சி' ஒன்றா இரண்டா, பக்கத்தில் 'எச்' உண்டா, 'பி' ஒன்றா இரண்டா? கடைத்தெருவில் நடந்தால் நான்கு விதமான பலகை பார்க்கலாம். (தமிழில் மட்டும் ஒரே மாதிரியா என்று தமிழய்யா சிரிப்பது தெரிகிறது. திரிபுரம் எரிக்கப் போன சிவபெருமானின் தேர் அச்சு இற்று நின்ற ஊர், ஆகவே அச்சிறுபாக்கம் என்பது தலபுராணம். பேச்சில் அது அச்சரப்பாக்கம் ஆயிற்று. ஊருக்கு ஒரு தமிழ் முகவரி எடுப்பதென்றால் இரண்டையும் எடுத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.)

இதை மாற்றும் வேலை பெரும்பகுதி சிங்கப்பூரில் தொடங்கியது என்பது நமக்குப் பெருமை. 1995இல் அந்த நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளை வலையில் ஏற்றிய திட்டத்தில் தமிழும் இருந்தது. தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. 'இணையம்' என்ற சொல்லையே வழக்கில் கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள். 1999இல் மறைந்து விட்டார். அவரோடு அந்தத் திட்டத்தில் இருந்த டான் டின் வீ என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர் இயங்கும் என்று செய்து காட்டினார்கள். அதற்கு உலகப் பொது விதி வர 2003 ஆயிற்று. விதி எளிமையானது. நாம் தமிழில் அடித்தால், கணிப்பொறி உள்ளுக்குள் அதை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக மாற்றி, அதன் முன்னால் எக்ஸ், என், இரண்டு கோடு என்று ஓர் அடையாளம் போட்டு அனுப்பும். பழைய முறையை இடிக்காமல் அதன் மேலேயே ஒரு மாடி கட்டினார்கள்.

2007 அக்டோபரில் வேர்ப் பட்டியலில் முதன்முதலாகத் தமிழ் ஏறியது. சோதனைக்காக 11 பெயர்களைப் போட்டார்கள். இந்தி உண்டு, அரபு உண்டு, ருஷ்யம் உண்டு, தமிழும் உண்டு. தமிழ் முகவரி 'உதாரணம்.பரிட்சை'. கவனித்தீர்களா? 'பரீட்சை' என்று நெடிலாக இருக்க வேண்டியது 'பரிட்சை' என்று குறிலாக ஏறிவிட்டது. உலகத்தின் வேர்ப் பட்டியலில் தமிழ் எழுதிய முதல் பரீட்சையிலேயே ஓர் எழுத்துப் பிழை! 2013இல் சோதனை முடிந்து அதை எடுக்கும் வரை அது அப்படியேதான் இருந்தது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, இந்தப் பட்டியலில் ஒன்று ஏறிவிட்டால் 'சார், ஒரு சின்னத் திருத்தம்' என்று போய் நிற்க முடியாது.

2009 நவம்பரில் நாடுகள் தங்கள் பெயரைத் தங்கள் எழுத்தில் கேட்டுப் பெறலாம் என்று வழி திறந்தது. தமிழில் முதலில் ஏறியது எது தெரியுமா? இந்தியா இல்லை. 2010இல் 'இலங்கை'. அடுத்த வருடம், 2011இல், 'சிங்கப்பூர்', 'இந்தியா' இரண்டும் வந்தன. இந்தியாவுக்கு அந்த முதல் தவணையில் ஏழு எழுத்துகளில் கிடைத்தது, பிறகு 22 அட்டவணை மொழிகளுக்கும் விரிந்தது. ஆக இன்றைக்கு வேர்ப் பட்டியலில் தமிழ் எழுத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன. மூன்றும் நாட்டின் பெயர்கள். அந்தந்த நாட்டின் பதிவகம் வைத்திருக்கிறது. மொழியின் பெயர் அதில் இல்லை. மலேசியத் தமிழர் ஒருவர், கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், மொரீஷியஸில் கோயில் நடத்துகிறவர் ஒருவர், இவர்கள் முழுக்கத் தமிழில் முகவரி வேண்டும் என்றால் தாங்கள் வாழாத ஒரு நாட்டின் வாசலில்தான் நிற்க வேண்டும். 'டாட் தமிழ்' என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது, அது நியாயமான ஆசை.

நாடு அல்லாத பெயருக்கு விண்ணப்பிக்க முடியுமா? முடியும். 2012 ஜனவரியில் ஐகேன் கதவைத் திறந்தது. விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வந்த விண்ணப்பங்கள் 1,930. அவற்றில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் 116. இந்திய எழுத்து என்று பார்த்தால் நாகரியில் மூன்று, அவையும் அமெரிக்க அமைப்புகள் போட்டவை. தமிழ் எழுத்தில் ஒன்று கூட இல்லை. தமிழ்நாட்டிலிருந்து யாருமே போடவில்லையா என்றால், போட்டார்கள். மதுரையில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் 'டிவிஎஸ்' கேட்டது, சென்னை ஸ்ரீராம் குழுமம் 'ஸ்ரீராம்' கேட்டது. இரண்டுக்கும் கிடைத்தது. இரண்டும் ஆங்கில எழுத்தில். தங்கள் வணிகப் பெயரைக் காத்துக் கொள்ள விண்ணப்பித்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

அந்தச் சுற்றில் நடந்த ஒரு தமாஷையும் சொல்லி விடுகிறேன். கிரைஸ்லர் மோட்டார் கம்பெனி தன்னுடைய 'ராம்' லாரிக்காக 'டாட் ராம்' கேட்டது. அங்கே ராம் என்றால் செம்மறிக் கடா. இந்திய அரசு, இது எங்கள் தெய்வத்தின் பெயர், கொடுக்கக் கூடாது என்று ஆட்சேபம் எழுப்பியது. ரிலையன்ஸ் கேட்ட 'இண்டியன்ஸ்' பெயருக்கும் அதே ஆட்சேபம். 2013இல் டர்பன் நகரில் கூடிய அரசுகளின் ஆலோசனைக் குழு தன் அறிக்கையில் இந்த இரண்டையும் குறித்து வைத்தது. ஆக ஒரு சொல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உலக அரங்கில் நடக்கிறது. நாளைக்கு 'தமிழ்' என்று ஒருவர் கேட்டால் நாலு நாட்டில் நாலு குரல் எழும்பும் என்பதை இப்போதே எண்ணி வைத்துக் கொள்ள வேண்டும்.

அந்தச் சுற்றில் முதன்முதல் வேர்ப் பட்டியலில் ஏறிய நான்கு பெயர்களும், 2013 அக்டோபரில், ஆங்கிலம் அல்லாதவை. அரபில் ஒன்று, ருஷ்ய எழுத்தில் இரண்டு, சீனத்தில் ஒன்று. தயாராக இருந்தவர்கள் முன்னால் போனார்கள்.

அடுத்த சுற்றுக்குப் பதினான்கு வருடம் ஆயிற்று. விண்ணப்ப காலம் 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என்று குறிக்கப்பட்டது, கட்டணம் 2,27,000 டாலர். ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய். அண்ணன் முகம் மாறியது இந்த எண்ணைக் கேட்டுத்தான். லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கும் வசதி குறைந்த நாட்டுச் சிறு நிறுவனங்களுக்கும் கட்டணத்தில் 75 முதல் 85 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்கும் திட்டமும் இருந்தது. ஆனால் அதற்குத் தனியாக முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். அந்த மனுக் காலம் 2024 நவம்பரில் தொடங்கி 2025 இறுதியோடு முடிந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி எட்டியது? கையைத் தூக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை.

கட்டணம் கட்டினால் பெயர் கிடைத்து விடாது. கட்டணம் என்பது பரீட்சைக் கட்டணம் மாதிரி. 2012 விண்ணப்பத்தில் 50 கேள்விகள். நீங்கள் யார், உங்கள் பொறுப்பாளர்கள் மேல் வழக்கு உண்டா, கேட்கிற சொல் ஏற்கெனவே உள்ள சொல்லோடு குழப்பம் தருமா, ஊர்ப் பெயர் மாநிலப் பெயர் என்றால் அரசின் சம்மதக் கடிதம் எங்கே, இப்படிப் போகும். தொழில்நுட்பக் கேள்விகள் தனி. இவையெல்லாம் தாண்டினால் பத்து வருட ஒப்பந்தம். 2012 சுற்றின் ஒப்பந்தத்தில் ஐகேனுக்கு வருடம் 25,000 டாலர் நிலையான கட்டணமாக இருந்தது, பெயர் ஒன்று விற்றாலும் ஒன்றுமே விற்காவிட்டாலும்.

எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. நீங்கள் நொடித்துப் போனாலும் உங்களிடம் பெயர் எடுத்தவர்கள் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக, மூன்று வருடம் பதிவகத்தின் அத்தியாவசிய வேலைகள் நடப்பதற்கான பணத்தை 2012 சுற்றில் முன்னாலேயே ஒதுக்கிக் காட்ட வேண்டியிருந்தது. முகவரிக்கு வழி சொல்வது, பதிவு செய்வது, யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் காட்டுவது, பதிவேட்டின் நகலை வேறோர் இடத்தில் பத்திரமாக வைப்பது, பதில்களுக்குக் கையொப்பம் இடுவது என்று ஐந்து வேலைகள். பதிவகம் தடுமாறினால் அவசரத்துக்கு வேறொருவர் எடுத்து நடத்துவார். இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதி என்று நினைக்காதீர்கள். திருமணத்துக்கென்று 'வெட்' என ஒரு பெயரை எடுத்தவர்களால் நடத்த முடியாமல் 2017 டிசம்பரில் அவசர ஏற்பாட்டின் கையில் ஒப்படைக்க வேண்டி வந்தது. கல்யாண மண்டபத்தைக் கட்டியாயிற்று, கல்யாணங்கள் வரவில்லை. நம் ஊரில் அறக்கட்டளை தொடங்குவதும் கல்வெட்டு வைப்பதும் சுலபம், பத்து வருடம் கழித்து அந்தக் கட்டடத்துக்கு வெள்ளை அடிக்கத்தான் ஆள் கிடைக்காது. 'டாட் தமிழ்' அப்படி ஆனால், அதை நம்பி முகவரி எடுத்த பள்ளிக்கூடமும் பத்திரிகையும் கடையும் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வரும்.

இரண்டு பேர் ஒரே சொல்லைக் கேட்டால்? 2012 சுற்றில் சமரசம் இல்லாவிட்டால் ஏலம் என்று இருந்தது. 'வெப்' என்ற சொல் 2016 ஜூலையில் 13 கோடியே 50 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 900 கோடி ரூபாய். ஒரு சமூகத்தின் சார்பாகக் கேட்கிறவருக்கு ஏலம் இல்லாமல் முன்னுரிமை உண்டு. ஆனால் 2012 சுற்றில் அதற்கு 16 மதிப்பெண்ணில் 14 வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சமூகம் உண்மையிலேயே உங்கள் பின்னால் நிற்கிறது என்று கடிதங்களால் காட்ட வேண்டும். நம்மில் இரண்டு சங்கம் ஒரே மேடையில் உட்காருவதே கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டுக்குள் கட்டலோனியா என்று ஒரு பகுதி. அவர்கள் மொழி கட்டலான், பேசுகிறவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர், நம்மில் ஏழில் ஒரு பங்குகூட வராது. தமிழைப் போலவே பல எல்லைகளுக்குள் சிதறிக் கிடக்கும் மொழி. ஸ்பெயின், பிரான்ஸ், அண்டோரா, இத்தாலியில் ஒரே ஓர் ஊர். 2004இல் வந்த ஒரு சிறு சுற்றில், கட்டணம் 45,000 டாலராக இருந்தபோது, சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் ஆயிரக்கணக்கான தனி மனிதர்களும் கையெழுத்திட்டு 'கேட்' என்று கேட்டார்கள். 2005இல் ஒப்பந்தம் ஆனது. ஒரு மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று கிடைத்த முதல் மேல்நிலைப் பெயர் அதுதான். கட்டலான் மொழியில் எழுதுகிறவர்களுக்கு, அந்தப் பண்பாட்டுக்கு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் என்று விதி வைத்தார்கள். (ஆங்கிலத்தில் பூனை என்று பொருள் வருவதால் பூனைப் படம் போடுகிறவர்களும் எப்படியோ உள்ளே வந்து விட்டார்கள், அது தனிக் கதை.) இன்று ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்கள். அதைப் பார்த்து பிரெட்டன், பாஸ்க், கலீசியன், வேல்ஸ்காரர்கள் எல்லோரும் 2012 சுற்றில் போய் வாங்கி விட்டார்கள்.

ஆனால் அதே கட்டலான் பதிவகத்தின் அலுவலகத்துக்குள் 2017 செப்டம்பர் 20ஆம் தேதி ஸ்பெயின் போலீஸ் நுழைந்தது. பிரிவினை வாக்கெடுப்பு சம்பந்தமான வலைத்தளங்களை முடக்கு என்று நீதிமன்ற உத்தரவு. தொழில்நுட்பப் பொறுப்பாளரைக் கைது செய்தார்கள். அந்த வாக்கெடுப்பு சரியா தவறா என்ற விவாதம் நமக்கு வேண்டாம். பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவனிடம்தான் அரசாங்கம் வரும் என்பது மட்டும் நமக்கு வேண்டிய செய்தி. தமிழுக்குப் பதிவகம் வைத்தால் அது எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கும்? கொழும்பில் ஒரு நீதிமன்றம் ஒரு பெயரை எடு என்றால், டொரண்டோவில் இன்னொன்று எடுக்காதே என்றால், நடுவில் இருக்கும் நம் தம்பி என்ன செய்வான்? விண்ணப்பம் எழுதும் முன்பே இதற்குப் பதில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு அதிகாரமும் பதிவகத்துக்கு உண்டு. தமிழ்த் துறை நண்பர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். எந்த எழுத்துகளைப் பெயரில் அனுமதிப்பது என்று விதி எழுதுகிறவர் அவர்தான். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, கணிப்பொறிக்கு ஐந்து. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. 'சிங்கப்பூர்' நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. 'கௌதம்' என்ற பெயரை எடுத்துக் கொள்ளுங்கள். ஔகாரக் குறி போட்டு அடிக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ள போட்டும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணிப்பொறிக்கு இரண்டு வேறு பெயர்கள். ஒன்றை நீங்களும் மற்றதை ஒரு மோசடிக்காரனும் எடுத்தால் உங்கள் வாடிக்கையாளர் பணத்தை எங்கே கட்டுவார்? 'ஸ்ரீ' என்ற எழுத்தையும் இரண்டு விதமாகச் சேர்க்கலாம், திரையில் வேறுபாடே தெரியாது. தமிழ் எண் ஒன்றும் க எழுத்தும் ஒரே உருவம், ஏழும் எ எழுத்தும் அப்படியே, எட்டும் அ எழுத்தும் அப்படியே. மலையாளத்து ஜ எழுத்து நம் ஜ எழுத்தின் சாயல். வேர்ப் பட்டியலுக்கு மட்டும் இவற்றை ஆராய்ந்து நிபுணர் குழு எழுதிய தமிழ் விதி 2019இல் சேர்ந்தது. ஆனால் புள்ளிக்கு இடப்பக்கம் வரும் பெயர்களுக்கு அந்தந்தப் பதிவகம்தான் விதி செய்ய வேண்டும். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று நாம் நூறு வருடமாகப் பட்டிமன்றம் நடத்துகிறோம். தீர்ப்பைப் பதிவக விதி ஒரு வரியில் எழுதிவிடும். அந்த வரியை ஏதோ ஒரு நாட்டில் லாபத்துக்காகப் பெயர் விற்கும் கம்பெனி எழுதுவதா, தமிழறிந்தவர்கள் உட்கார்ந்து எழுதுவதா? மொழியின் பெயரை இவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முறையாகக் கேட்டு, யாரும் வலுவாக ஆட்சேபிக்காமல், தகுதியும் காட்டினால் கொடுத்து விடுவார்கள். கொடுத்த பிறகு விலை வைப்பதும் அவர் இஷ்டம்.

"அப்போ நீ வேணும்ங்கிறியா வேணாம்ங்கிறியா?" என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் நம் சங்கம் போன்ற ஒரு சங்கம் கேட்கக் கூடாது, ஒரு தனிப் பணக்காரரும் கேட்கக் கூடாது. 2000இல் உருவான உத்தமம், தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம், இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள், இப்படிப் பட்டவர்கள் சேர்ந்து ஒரு பொது அறநிறுவனம் அமைத்துக் கேட்டால் அந்தச் சமூக மதிப்பெண்ணும் கிடைக்கும், கேட்பதற்கு ஒரு முகமும் இருக்கும். அரசாங்கங்கள் ஆதரவுக் கடிதம் கொடுக்கட்டும், பணமும் கொடுக்கட்டும், நடத்துவது மட்டும் வேண்டாம். பதிவகத்தின் இயந்திர வேலையை அனுபவமுள்ள ஒரு நிறுவனத்திடம் கூலிக்கு விடலாம், உலகில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். விதி எழுதும் பேனா மட்டும் நம் கையில் இருந்தால் போதும். இதற்கு மூன்று வருட உழைப்பு வேண்டும், விண்ணப்பக் கடைசி நாளுக்கு முதல் வாரம் தொடங்குகிற வேலை இல்லை.

அதற்கு முன்னால் ஒரு சங்கடமான விஷயம். ஏற்கெனவே இருக்கிற மூன்று தமிழ்ப் பெயர்களை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம்? இங்கே இருப்பவர்களில் கடை வைத்திருப்பவர்கள், பள்ளி நடத்துகிறவர்கள் பலர். உங்கள் விசிட்டிங் கார்டில் 'டாட் இந்தியா' தமிழில் இருக்கிறதா? இல்லாததற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை, அதையும் சொல்லி விடுகிறேன். ஒரு அலுவலகத்தின் இணைய விண்ணப்பத்தில் நான் தமிழில் உள்ள மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தேன். 'தவறான முகவரி' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. முகவரியில் தவறு ஏதும் கிடையாது. தமிழ் முதலான எழுத்துகளில் மின்னஞ்சல் முகவரி செல்லும் என்று 2012லேயே பொது விதி வந்தாயிற்று. அந்தப் படிவத்தை எழுதிய புரோகிராமர், முகவரி என்றால் ஆங்கில எழுத்து, புள்ளிக்குப் பின் இரண்டு மூன்று எழுத்து என்று எப்போதோ படித்ததை அப்படியே போட்டு விட்டார். 2001இல் 'இன்ஃபோ' என்று நாலெழுத்தில் ஆங்கிலப் பெயர் வந்தபோதே பல படிவங்கள் அதை ஏற்க மறுத்தன. ஆங்கிலத்துக்கே அந்தக் கதி. இது அடைபடாமல் 'டாட் தமிழ்' வந்தால், அழகான வாசல் இருக்கும், அதற்குப் போகும் பாதையில் பத்து இடத்தில் கேட் போட்டிருப்பார்கள்.

இந்த ஒரு வேலையைக் கணிப்பொறித் துறைத் தம்பி தங்கைகள் செய்யலாம். இதற்கு இரண்டு கோடி வேண்டாம், ஒரு சனிக்கிழமை போதும். நம் கல்லூரியின் சேர்க்கைப் படிவத்திலிருந்து ஆரம்பியுங்கள். தமிழ் மின்னஞ்சல் முகவரி ஏற்கிறதா, 'டாட் இந்தியா', 'டாட் இலங்கை', 'டாட் சிங்கப்பூர்' என்று தமிழில் முடியும் வலை முகவரியை ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் எந்த வரியில் தடுக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துங்கள். பிறகு இந்த ஊர்க் கடைகள், பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள் வைத்திருக்கும் படிவங்களைப் பார்த்து ஒரு பட்டியல் எடுங்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம், மாமல்லபுரம் பக்கம் வேலையில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் தங்கள் அலுவலகப் படிவங்களையும் அனுப்பட்டும். முகவரியைச் சோதிக்கும் புரோகிராமை எப்படிச் சரியாக எழுதுவது என்று நான் ஒரு பக்கக் குறிப்புத் தயாரித்துத் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன், நகல் எடுத்துக் கொள்ளலாம். அடுத்த கூடலில் அந்தப் பட்டியலை மாணவர்களில் ஒருவர் இந்த மேடையில் வாசிக்க வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக் கொள்கிறேன். அவர் தலையை ஆட்டுகிறார். பந்திக்கு இலை போட்டாயிற்று என்றும் கையைக் காட்டுகிறார்.

 வணக்கம்.